பொட்டு வைத்த கேசட்

சந்திரமோகனுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று ஆரணியில் பலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது அவர் வீட்டுப் பின்னறையில் இருபத்திரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். பிறகு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

பட்டுப்புடவைக்கு ஜக்கார்டு அட்டை அடிப்பது அவர் தொழில். கட்டம் போட்ட தாளில் மயிலையும் மாங்காயையும் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, வரிசையாகக் கோத்துக் கொடுப்பார். தறியில் அந்தச் சரம் சுற்றச் சுற்றப் புடவையில் மயில் இறங்கும். ஒரு மயிலுக்கு நானூறு அட்டை. முதல் ஐம்பது அட்டை காணாமல் போனால் மயிலுக்குக் காலே இருக்காது. இது ஆரணியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பாட்டு விஷயத்தில் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். கூடப் படித்த ஜெயவேல் கப்பல் வேலைக்குப் போனவன். தொண்ணூற்றைந்தில் இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் மூன்று மாதம் தங்க நேர்ந்தபோது, வீட்டுக்காரரின் இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்தது. வாசித்தவர் யார், ஆல்பத்தின் பெயர் என்ன, எதையும் அந்தத் தடியன் குறித்துக்கொள்ளவில்லை. உறைமேல் 'பக்கம் 1: இத்தாலி. பக்கம் 2: இருட்டு' என்று மட்டும் கிறுக்கியிருந்தான். இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ, கடிதம் போட முகவரிகூடக் கிடையாது.

முதல் பக்கம் எழுபதுகளில் இத்தாலிக்காரர்கள் வாசித்த ராக். கிடாரும் புல்லாங்குழலும் மல்லுக்கட்டிக்கொண்டே போகும். திடீரென்று நூறு பேர் சேர்ந்து பாடுவதுபோல ஒரு கீபோர்டு எழும்பும். தாளம் ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவும், சந்திரமோகன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கூடப் போவார். ஆனால் அவர் உயிர் இருபத்திரண்டு நிமிடம் ஓடும் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அது ஜாஸ், குதியாட்டம் போடாத ஜாஸ். முதல் நான்கு நிமிடம் ஆள் உயர பாஸ் வாத்தியம் ஒன்று தனியாக, மெதுவாக நடந்து வரும். பின்னால் தூறல் சத்தம். டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் கூட்டிப் பெருக்குவார்கள். ஐந்தாவது நிமிடத்தில்தான் சாக்ஸபோன் வாய் திறக்கும். அந்த நான்கு நிமிடம் நாமும் இருட்டில் நடந்தால்தான் சாக்ஸபோன் வந்ததும் யாரோ விளக்கேற்றியதுபோல இருக்கும். அது புரியாதவனிடம் என்ன பேசுவது?

எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் ஒரு நிமிடத்தில் "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்றார்கள். புடவைக்கடை வைத்திருந்த மைத்துனன் பாலு "எழவு வீட்டு மியூசிக் மாமா இது" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. தினமும் மாலையில் பின்னறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் கேட்டார். காபி கொடுக்கக்கூட மனைவி பரிமளா கதவைத் தட்டக் கூடாது. ஆறு வருடம் இப்படியே ஓடியது.

இரண்டாயிரத்தொன்று, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. சந்திரமோகன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் விளம்பர ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டு வந்தது. "ஆடித் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடி! பாலு சில்க்ஸ்!" பரிமளாவின் குரல். அட, நம்ம பரிமளா இவ்வளவு கணீரென்று பேசுவாளா என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தது. ஆட்டோ வீட்டைத் தாண்டியதும் குரல் வெடுக்கென்று நின்றது.

சாக்ஸபோன் ஆரம்பித்தது.

பிரஷ் வாயிலிருந்து விழுந்தது. எதிர்வீட்டுப் பூங்காவனம் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாங்க இது, பாலு கடையில யாரு செத்துப் பூட்டாங்க?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. பின்னறைக்கு ஓடியிருந்தார். அலமாரியில் கேசட்டின் உறை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

பாலுவின் கடைக்கு டிவிஎஸ் வண்டியில் எப்படிப் போனார் என்பது அவருக்கே தெரியாது. பரிமளாவும் அங்கேதான் இருந்தாள், புதுச் சரக்கைப் பிரித்துக்கொண்டு.

"கேசட்டு எங்கடா?"

"எந்த கேசட்டு மாமா? ஓ, அதுவா! கடையில விக்கறதெல்லாம் மட்டம் மாமா, கொரலு கரகரங்குது. உங்களுது பாரின் சரக்கு. அதான் அக்காகிட்ட கேட்டேன்."

"அதுல பதிவு பண்ண முடியாதேடா! ஓரத்துல இருக்கற பிளாஸ்டிக்கை நானே உடைச்சு வெச்சிருந்தேன்!"

"ஆமா மாமா, பேஜாரா பூடுச்சு. அப்பறம் அந்த ஓட்டையில பேப்பரை மடிச்சு சொருகி, மேல அக்காவோட ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். ஏத்துகிச்சு!" என்றான் பாலு. ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி முகம் வேறு.

பொட்டு! ஜெனோவாவிலிருந்து கடல் தாண்டி வந்த இசையை ஒரு ஸ்டிக்கர் பொட்டு கொன்றுவிட்டது. சந்திரமோகன் மனைவியைப் பார்த்தார். அவள் புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள், கண்ணைத் தாழ்த்தவுமில்லை.

"எத்தினி நிமிசம்டா பதிவு பண்ணின?"

"சும்மா நாலு நிமிசம் மாமா. உங்களுக்கு மீதி அப்படியே இருக்குது பாருங்க!"

அறைந்திருப்பார். கேசட்டை மீட்பது முக்கியம் என்பதால் கையை அடக்கிக்கொண்டு, ஆட்டோ போயிருந்த சேவூர்ப் பக்கம் வண்டியை விரட்டினார். வழி நெடுக அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. நாலு நிமிடமாம், சும்மாவாம்! மயிலின் காலை வெட்டிவிட்டு மீதி மயில் இருக்கிறதே என்று சொல்லும் ஊர் இது!

சேவூர் தாண்டி நெல்வயல் ஓரத்தில், புளியமர நிழலில் ஆட்டோ நின்றிருந்தது. மைக் செட் அருணகிரி பின் சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்து, கண்ணை மூடி, சாக்ஸபோனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா! அது என் கேசட்டு!"

அருணகிரி எழுந்து உட்கார்ந்தார். "உங்களுதா சார்? விளம்பரம் முடிஞ்சதும் ரீவைண்டு பண்ணச் சொன்னாங்க. மொத வாட்டி மறந்துட்டேன். அப்பறம் கை போவல சார். கேக்கறதுக்குன்னே வண்டிய நெழல்ல போட்டுட்டேன். ஆனா ஒண்ணு, நடுவுல புடிச்சா மாதிரி இருக்குதே. இதுக்கு முன்ன ஒண்ணு இருக்கணுமே சார்?"

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் சரியான கேள்வியைக் கேட்டார். அதுவும் எப்போது? எல்லாம் அழிந்துபோன பிறகு! சந்திரமோகனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இருந்துச்சுய்யா! நாலு நிமிசம் இருந்துச்சு! இனிமே அது எங்கியும் கெடையாது, என் மண்டையில மட்டும்தான் இருக்குது!"

அருணகிரி கேசட்டை நிறுத்தினார். "பாடிக் காட்டுங்க சார்."

சீட்டின் மேல் மைக் கிடந்தது. சந்திரமோகன் அதை எடுத்து சுவிட்சைப் போட்டார்.

"சார், ஊருக்கே கேக்கும்!"

"கேக்கட்டும்! ஊரே சேர்ந்து வாலைக் கேட்டாச்சு இல்ல? தலையையும் கேக்கட்டும்!"

சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தார். டும்... டும் டும்... டும். அந்தப் பாஸ் நடந்து வரும் அதே நிதானத்தில். ஒலிபெருக்கி வழியாக வயல் முழுக்கப் போனது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. முதல் நிமிடம் போனது, இரண்டாவது நிமிடமும் போனது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு திருப்பம் உண்டு, பாஸ் ஒரு படி கீழே இறங்கும். இறங்கி எங்கே போகும்?

வரவில்லை. மறுபடி கொஞ்சம் முன்னாலிருந்து பாடிப் பார்த்தார். அங்கேயே நின்றது. தினமும் கேட்டதுதான், ஆனால் வாய்க்கு வரவில்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் இரைந்தது.

அப்போது பின்னாலிருந்து யாரோ தொடர்ந்தார்கள். டும் டும்... ம்ம்... டும். சரியான இடத்தில் இறங்கி, சரியான இடத்தில் நின்று, சாக்ஸபோன் வாய் திறக்கும் இடம் வரைக்கும் பிசகாமல் கொண்டுவந்து விட்டது அந்தக் குரல்.

பாலுவின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தாள் பரிமளா.

சந்திரமோகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"இவ்ளோ தெரிஞ்சவ, அதை அழிக்க எப்படிடி பொட்டு குடுத்த?"

மைக் அணைக்கப்படவில்லை. சேவூர் முழுக்கக் கேட்டது. அவளும் குரலைத் தாழ்த்தவில்லை.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்! ஆறு வருசமா அடுப்பங்கரை செவுத்துல காதை வெச்சுகினு கேக்கறேன். பால் பொங்கி ஊத்தும், அது கூடத் தெரியாம நின்னுகினு இருப்பேன். கேக்கறதுக்கு ஊர்ல ஒருத்தன் இல்ல, ஒருத்தன் இல்லன்னு பொலம்பறீங்களே, ஊட்டுக்குள்ள ஒருத்தி இருக்காளேன்னு ஒரு நாள் தோணிச்சா? வா, வந்து உக்காருன்னு ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி சொன்னீங்களா? தாழ்ப்பா போட்டுகினீங்களே!"

வயலில் யாரோ ஒரு பெண் "நல்லா கேளுக்கா!" என்று கத்தினாள். பாலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அருணகிரி கேசட்டை வெளியே எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் உரித்துப் பரிமளாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலு நிமிடம் அழிந்தது அழிந்ததுதான், சந்திரமோகனுக்கு அந்த வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது. ஆனாலும் அவர் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். அவள் ஏறி உட்காரும்வரை காத்திருந்து, மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"எறங்கற எடம் எனக்கு வரல. நீ சொல்லு," என்றார்.