ஒன்று விட்டு ஒன்று

நீச்சல் குளத்தின் இணையதளத்தை எழுதியவன் நான். அங்கே பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர் என் சித்தி. ஆறு மாதத் தற்காலிக வேலை, சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று மேனேஜர் நிரந்தரம் என்று கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த வாரம் திங்கட்கிழமை விடியற்காலையில், தளத்தைத் தாங்கி ஓட்டுகிற ஃபிரேம்வொர்க் என்ற அடிப்படை மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் வந்தது. என்னென்ன மாறியது என்று கூடவே பதினொரு வரிக் குறிப்பு. 'சிறு திருத்தங்கள்' என்று தலைப்பே அடக்கமாக இருந்ததால் நான் மேலே படிக்கவில்லை. போட்டேன். தளம் திறந்தது. டீ குடிக்கப் போனேன்.

சனிக்கிழமை காலையில் சித்தியின் போன் வந்தது.

"டேய், இந்த வாரம் நாப்பது பிள்ளைங்கள சேத்தேன். லிஸ்ட்ல இருபதுதான் இருக்கு. மேனேஜர் என்னப் பாத்து சிரிக்கிறாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பயமா இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் தொப்பி மாட்டிய பிள்ளைகளும் துண்டு சுமந்த பெற்றோரும் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். முன்னால் இரட்டையர் இருவர். அண்ணன் பட்டியலில் இருந்தான், தம்பி இல்லை.

"நான் மட்டும் ஏன் இல்ல?" என்றான் தம்பி.

"நீ எப்பவுமே லேட்டு," என்றான் ஆறு நிமிடம் மூத்தவன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க சித்தி பாதிப் பிள்ளைங்கள விட்டுட்டாங்க. ஒரு நாள் முழுக்க விட்டிருந்தா புரியும். ஒன்னு விட்டு ஒன்னு விட்டிருக்காங்க. இப்படி மறக்க தனித் திறமை வேணும்."

'ஒன்னு விட்டு ஒன்னு' என்றதும் நான் எப்போதோ எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது.

சித்தி எதையும் இரண்டு முறை அழுத்துவார். மவுஸ், லிஃப்ட் பட்டன், அழைப்பு மணி, எல்லாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறை பதிவானது. 'ஒருமுறை அழுத்தினால் போதும்' என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே பெயரா என்று சரிபார்க்க நாலு வரி எழுதவும் சோம்பல். 'வருகிற பதிவுகளில் ஒவ்வொரு இரண்டாவதையும் அழித்துவிடு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஆறு மாதமாகப் பிசகவே இல்லை. சித்தி அவ்வளவு ஒழுங்கு.

அங்கேயே நின்று அந்தக் குறிப்பைப் போனில் திறந்தேன். ஏழாவது வரி: ஒரே படிவம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் இனி ஒருமுறையே ஏற்கப்படும். அழிக்க இரட்டைப் பதிவு கிடைக்காமல், என் வரி ஒவ்வொரு இரண்டாவது பிள்ளையையே அழித்திருக்கிறது.

கம்ப்யூட்டர் கோளாறு என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் மேனேஜர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னோடது," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "அதாவது, ஆறு மாசமா நீங்க பாதியத் தூக்கிப் போட்டதாலதான் லிஸ்ட் சரியா இருந்துது."

"ஆமா சார்."

"அத எவனோ ஒரு நல்லவன் சரி பண்ணிட்டான்."

"ஆமா சார்."

சித்தி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் ரெண்டு தடவ அமுக்குறது உனக்கு ஆறு மாசமா தெரியும். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான் சித்தி..."

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்குடா. எல்லாரும் பாக்குறாங்க."

நான் அந்த ஒரு வரியை நீக்கினேன். சித்தி மேசை இழுப்பறையிலிருந்து காகிதப் படிவங்களை எடுத்து, விடுபட்ட இருபது பேரையும் மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக, ஒரே ஒரு அழுத்து. தம்பிக்காரன் தன் பெயர் வருவதற்கு முன்பே தண்ணீரில் குதித்திருந்தான்.

மேனேஜர் பேனாவைத் திறந்து நிரந்தரக் கடிதத்தில் கை வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் சித்தி. "இனிமே இவன் எத மாத்துறதா இருந்தாலும் எனக்குப் படிச்சுக் காட்டிட்டு மாத்தட்டும்."

மேனேஜர் அதையும் கடிதத்தில் எழுதிச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் இன்னொரு சின்ன அப்டேட் வந்தது. ஐந்தே வரி. போனில் படித்துக் காட்டினேன்.

"மூணாவது வரி என்னடா சொல்லுது?"

"எனக்கும் சரியா புரியல சித்தி."

"அப்ப புரிஞ்சிட்டு வா," என்று போனை வைத்துவிட்டார்.