ஏழாவது லாரியின் எண் தகடு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தகரப் பெட்டியின் அடியில் கிடைத்தது. தென்காசியில் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கிய பெட்டி. உள்ளே விரித்திருந்த தாள், 1943 டிசம்பரில் ஒரு லாரிக் கம்பெனி சர்க்காருக்குக் கொடுத்த வண்டிப் பட்டியலின் நகல். 'மொத்த வண்டிகள்' என்ற இடத்தில் 'ஏழு' என்று எழுதி அடித்து, மேலே 'ஆறு' என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

கரையான் தின்றதை நான் இட்டுக்கட்டி நிரப்புகிறேன். கம்பெனிக்கும் ஆட்களுக்கும் பெயர் வைத்தது நான்தான். அங்கே போய் விசாரிக்காதீர்கள்.

2

எப்படித் தொடங்குவது?

'குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த—' வேண்டாம். அருவியைப் பற்றி ஆரம்பித்தால் தலை துவட்டவே நாலு பக்கம் ஆகும்.

'தில்லைநாயகம் நேர்மையான கணக்கர். அவர் ஒருநாளும்—' இதுவும் வேண்டாம். நேர்மையானவர் நான்கு மாதம் பொய்க் கையெழுத்துப் போடுவாரா?

போட்டார் ஐயா, போட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முகம்மது இஸ்மாயில் ராவுத்தரின் லாரிக் கம்பெனியில் ஏழு லாரிகள். மாதாமாதம் வண்டிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது கணக்கர் தில்லைநாயகம். யுத்த காலம். எந்த லாரி எங்கே ஓடுகிறது என்று சர்க்கார் விரல் விட்டு எண்ணியது.* அந்த வருஷம் ஆடியில் பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில், தரைப்பாலத்தில் வந்த வெள்ளம் 2316ஆம் எண் லாரியை அடித்துக்கொண்டு போயிற்று. டிரைவர் பிச்சையாவையும் சேர்த்துத்தான். லாரி பாறைகளுக்கிடையில் துண்டு துண்டாகக் கிடந்தது. உருப்படியாகக் கிடைத்தது முன்பக்கத்து எண் தகடு ஒன்றுதான். பிச்சையாவின் உடல் கிடைக்கவே இல்லை.

வண்டி அழிந்தால் பதிவுப் புத்தகத்தையும் எண் தகட்டையும் ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் ஏழு ஆறாகும். புத்தகம் பீரோவில் பத்திரமாக இருந்தது. தகடுதான் சிக்கல். பிச்சையாவின் மனைவி முப்பிடாதி ஓடைக்கரையில் மண்மேடை போட்டு, அந்தத் தகட்டை முளையடித்து நிறுத்தி, மஞ்சளும் சந்தனமும் பூசிவிட்டாள். அற்பாயுளில் போனவனை எங்கள் பக்கத்தில் அப்படியே விட்டுவிடுவதில்லை. பீடம் போட்டுச் சாமியாக்கி உட்கார வைத்துவிடுவோம். அவ்வழியே போகிற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

சாமியை முளையிலிருந்து பிடுங்கி ஆபீஸில் ஒப்படைக்க எந்தக் கணக்கருக்குத் தைரியம் வரும்? 'அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தில்லைநாயகம் ஆகஸ்டில் ஏழு என்று எழுதினார். செப்டம்பரிலும் அக்டோபரிலும் நவம்பரிலும் அதையே எழுதினார்.

* ஏழாவது லாரிக்கான பெட்ரோல் கூப்பனும் வந்துகொண்டேதான் இருந்தது. மற்ற ஆறும் அதைக் குடித்தன. இதை அடிக்குறிப்பில் தள்ளுகிறேன் என்று கோபிக்காதீர்கள். தில்லைநாயகமும் தன் மனசில் இதை அங்கேதான் வைத்திருந்தார்.

3

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராவுத்தர் கையில் கடிதத்தோடு வந்தார்.

"வியாழக்கிழம மோட்டார் இன்ஸ்பெக்டர் வாராராம் வே. எல்லா வண்டியையும் ஷெட்டுல நிறுத்தி எண்ணப் போறாராம்."

"ஏழுன்னுல்லா எழுதியிருக்கு, முதலாளி."

"அதத்தான் நானும் கேக்கேன். ஆறு நிக்கும். ஏழாவது எங்கன நிக்கும்? பெர்மிட்டப் புடுங்கிட்டாம்னா ஆறு டிரைவர் வீட்டுல அடுப்பு எரியாது. ஒம்ம செயில்ல போடுவான். கையெழுத்து ஒம்மதுல்லா."

"தகட்ட எடுத்தாத்தான் ஆறுன்னு எழுத முடியும்."

"அப்பம் போய் எடுத்துட்டு வாரும்."

"அது சாமியா நிக்கி, முதலாளி."

ராவுத்தர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். தன் டிரைவர்களிடம் அந்த இடத்தில் ஹார்ன் அடித்துவிட்டுப் போகச் சொன்னதே அவர்தான்.

(முதல் முறை எழுதியபோது இவரைக் கொடுமைக்கார முதலாளியாக வைத்திருந்தேன். எழுதச் சுலபம். ஆனால் ஹார்ன் விஷயம் எழுதியதும் மனுஷன் கைநழுவி நல்லவர் பக்கம் போய்விட்டார்.)

4

ஒரு குறுக்குவழி இருந்தது. பெயிண்டரிடம் சொல்லி 2316 என்று இன்னொரு தகடு எழுதிவிடலாம். கதையின் ஒரு படியில் அப்படித்தான் எழுதினேன். பெயிண்டர் பிரஷை நனைக்கும்போது தில்லைநாயகம் அவன் கையைப் பிடித்து, "வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நாலு பொய் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவரே வேண்டாம் என்றபின் நான் என்ன செய்வது? பக்கத்தைக் கிழித்தேன்.

இன்னொரு படியில் யாருக்கும் தெரியாமல் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை முப்பிடாதி சந்தனக் கிண்ணத்தோடு வருவாளே. அந்தக் காலையை எழுத என்னால் முடியவில்லை.

அதனால் புதன்கிழமை, பட்டப்பகலில், இடுப்பில் ஸ்பானரைச் செருகிக்கொண்டு அவரை அனுப்புகிறேன்.

5

முப்பிடாதி தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. நாலு மாசமா இந்தப் பக்கமே காணுமே."

தில்லைநாயகம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழு, ஆறு, கூப்பன், வியாழக்கிழமை, இடுப்பில் இருந்த ஸ்பானர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது.

அவள் கை நின்றது. "ஏழாவது எங்கன போச்சுன்னு கேக்க மாட்டானா?"

"கேப்பான். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. வெள்ளத்தில் அழிந்ததுன்னு எழுதணும்."

"என்னது அழிஞ்சுது?"

"வண்டி."

"அப்பம் அவுக?"

தில்லைநாயகம் ஓடையைப் பார்த்தார். இருபது வருஷம் சர்க்கார் பாரங்களை, அதாவது படிவங்களை, நிரப்பியவர். டயர் அளவுக்குக்கூட அவற்றில் கட்டம் உண்டு. டிரைவருக்கு இல்லை.

"ஒடம்பு கெடைக்கலன்னு கிராம முன்சீபு சாவுன்னே எழுத மாட்டேங்காரு" என்றாள் முப்பிடாதி. "அவுக இருந்தாகன்னும் கடுதாசி இல்ல, போனாகன்னும் இல்ல. இந்தத் தகடுதான் எனக்குக் கடுதாசி. ஆறு வீட்டு அடுப்ப அணைச்சுட்டு நான் இதக் கட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். கொண்டு போங்க. ஆனா அந்தக் கட்டத்துல அவுக பேர எழுதணும்."

"வண்டிப் பட்டியல்ல ஆள் பேர் இருந்தா பாரத்தையே தள்ளிருவான் தாயி. பாரம் போச்சுன்னா பெர்மிட்டும் போச்சு."

"நீங்க எழுதுவீகளா, மாட்டீகளா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஸ்பானரைத் தொடவிடாமல் முளையைத் தானே அசைத்துப் பிடுங்கி, தகட்டை முந்தானையால் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"ஹார்ன் அடிக்கவுக கேட்டா என்ன சொல்ல?" என்றார்.

"மேடை இருக்குல்லா. அதப் பாத்து அடிக்கட்டும்."

6

வியாழக்கிழமை ஷெட்டில் ஆறு லாரிகள் வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டர் எண்ணினார். தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆணித் துளைகளில் மஞ்சள் அப்பியிருந்தது. ஒன்றும் கேட்காமல் பாரத்தை நீட்டினார். தில்லைநாயகம் 'ஏழு' என்பதை அடித்து 'ஆறு' என்று எழுதினார். பிறகு குறிப்புக் கட்டத்துக்கு வந்தார். 'வெள்ளத்தில்' என்ற சொல்வரைக்கும் கரையான் தொடவில்லை.

தில்லைநாயகம் பிச்சையாவின் பெயரை எழுதினார், இன்ஸ்பெக்டர் மஞ்சளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. அவர் எழுதவில்லை என்றாலும் என்னால் திட்ட முடியாது. ஆறு வீட்டு அடுப்பு அந்தப் பேனாவின் முனையில் இருந்தது. எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் ஐந்தாவது பொய்க் கையெழுத்து என்னுடையதாகிவிடும்.

அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். இன்ஸ்பெக்டர் காத்திருக்கிறார். ஆறு டிரைவர்களும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். ஓடைக்கரையில் முப்பிடாதி வெறும் மேடைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறாள்.

மொத்த வண்டிகள்: ஆறு
நீக்கப்பட்டது: எண் 2316
குறிப்பு: வெள்ளத்தில் [                                        ]