வெட்டுப்படாத வளையம்

அண்ணி போனில் சொன்ன செய்தியைக் கேட்டு அவன் வண்டியை ஓரங்கட்டினான். ஆய்வகங்களுக்கு நொதி, அதாவது என்சைம், விற்கிறவன் அவன். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும் நொதிகள்தான் அவனுடைய முக்கியச் சரக்கு. அண்ணி வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குப் போன வாரம்தான் இரண்டு குப்பி கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"ரெண்டுமே வெட்டல தம்பி. நம்ம வீட்டு ஆளாச்சேன்னு வாங்கினேன். இப்ப எங்க மேடம் என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல."

ஐஸ் பெட்டியில் புதுக் குப்பியோடு அரை மணியில் போய் நின்றான்.

அண்ணியிடம் இருந்தது, பாக்டீரியாவுக்குள் வளர்த்துப் பெருக்கிய, வளையமான ஒரு டி.என்.ஏ. துணிக்கறையைக் கரைக்கும் புரதத்துக்கான மரபணு அதற்குள் இருந்தது. அதை வெட்டியெடுத்து ஈஸ்ட்டுக்குள் வைக்க வேண்டும். மரபணுவின் இருபுறமும் இந்த நொதி அடையாளம் காணும் ஆறெழுத்து டி.என்.ஏ. வரிசை இருந்தது. அங்கே வெட்டினால் வளையம் இரண்டு துண்டாக வேண்டும். புதுக் குப்பியிலிருந்து துளியூண்டு சேர்த்து, வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். வளையம் ஒரு கீறல்கூட விழாமல் முழுசாக இருந்தது.

பக்கத்தில் நின்ற மேடம் வேறொரு நிறுவனத்தின் விலைப்பட்டியலை எடுத்துப் புரட்டினார். அதுதான் அவனுக்கு அதிகம் உறைத்தது.

பொறுக்கமாட்டாமல், இந்த நொதி கட்டாயம் வெட்டும் என்று தெரிந்த, தன் நிறுவனத்தின் சோதனை டி.என்.ஏ.வைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "அதே குப்பியால இதை வெட்டிப் பாருங்க அண்ணி. இதுவும் வெட்டலன்னா நான் சோப்பு விக்கப் போயிடறேன்."

வெட்டியது. ஜெல்லில் துண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன.

"அப்ப நொதி மேல தப்பில்ல," என்ற அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "இந்த வளையத்தை எந்த பாக்டீரியாவுல வளர்த்தோம்?"

நோட்டைப் புரட்டியதும் நெற்றியில் தட்டிக்கொண்டாள். அந்த பாக்டீரியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் மேல் சின்னதாக ஒரு வேதிக்குறி போட்டுவிடும். அந்த ஆறெழுத்திலும் குறி விழுந்திருந்தது. குறி இருந்தால் இந்த நொதி அங்கே வாய் வைக்காது.

"அந்த பாக்டீரியாவுல வளர்க்கச் சொன்னது யாரு?" என்றான் அவன் கொஞ்சம் மிதப்பாக.

மேடம் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

குறி போடாத வேறு பாக்டீரியாவில் வளையத்தை வளர்த்தார்கள். நான்காம் நாள் போன் வந்தது.

"ரெண்டு துண்டு தம்பி. கத்தியால நறுக்கின மாதிரி. உங்க சரக்கு நல்ல சரக்குதான்."

"சிக்னல் சரியில்ல அண்ணி," என்றான் அவன், நன்றாகக் காதில் விழுந்தும். "கடைசியா சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க."