நின்றவர் அமர்ந்த மாலை

கதிரவன் வாலாஜாபாத்துப் பக்கம் சாய, ஒரகடத்து ஆலைகளின் வெண்கூரைகள் பொன் பூசி மின்ன, ஏரியின் மேல் எழுந்த இளம்பனியும் நெடுஞ்சாலைப் புழுதியும் ஒன்றாய்க் கலந்து, விழித்திருப்போரையும் கனவு காணச் செய்யும் மயக்கமொன்றை நாற்புறமும் பரப்பியிருந்த அந்தி வேளையில், சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் விடுதியொன்றின் வாயிலில் ஒரு மகிழுந்து வந்து நின்றது. இறங்கியவர் யாரென்று, கற்றறிந்த அன்பரே, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தென்னாட்டுக் கருங்கோட்டைப் பாளையத்து மன்னர் மரபில் பிறந்து, முதன்முறை அரண்மனைப் பெயராலும், இரண்டாம் முறை தாம் கட்டுவித்த ஆற்றுப்பாலத்தாலும் வென்று, மூன்றாம் முறை நூற்றுப் பன்னிரண்டே வாக்குகளில் தப்பிப் பிழைத்துச் சட்டமன்றம் ஏகிய திருமலைக்கொழுந்துத் துரை அவர்.

இம்முறை அவ்வளவு வாக்கும் கிட்டுமா என்பதே ஐயம். ஊரின் இளையோரெல்லாம் பிழைப்புத் தேடி வடக்கே வந்துவிட, அவர்களுள் நாற்பது பெண்கள் இவ்விடுதியில் தங்கியிருக்க, அவர்களை வாக்குநாளில் ஊருக்கு அழைத்து வராவிடில் தம் அரசியல் வாழ்வே முடிந்தது என்று அஞ்சித்தான் அவர் இத்தனை தொலைவு வந்தார்.

விடுதிக் காவலர் லீலா கூடத்திற்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தாள். "இது ஒண்ணுதான் கீது சார். ஒக்காருங்க."

துரை அமர்ந்தார். ஆலை வேலை முடிந்து வந்த பெண்கள் சுவரோரம் விரித்திருந்த பாய்களருகே வரிசையாக நின்றார்கள். கருங்கோட்டையில் அரண்மனையார் 'உட்காருங்கள்' என்று சொல்லும்வரை எவரும் உட்காருவதில்லை. பாட்டனார் வாயில் நுழையும்போதே அதைச் சொல்லிவிடுவாராம். தந்தையார் நினைவு வந்தால் சொல்வாராம். இவரோ எதிரில் நிற்பதே மக்களின் இயல்பென்று எண்ணி வளர்ந்துவிட்டார், பாவம்!

அவர் பேசினார். பேசப் பேசத் தம் சொல்லில் தாமே மயங்கி, விடுதிச் சுவர்கள் கரைந்து கொலுமண்டபத் தூண்களாய் எழக் கண்டு, நிற்கும் பெண்களைத் தம் முன்னோர் அவையின் குடிகளாகவே எண்ணி, உழைப்போர் துயரைத் தாம் அறிந்ததுபோல் வேறெவரும் அறியார் என்று அரைமணி நேரம் உருகினார். பேச்சி என்னும் பெண் கால் தளர்ந்து சுவரில் சாய்ந்ததை அவர் காணவில்லை.

பக்கத்தில் நின்ற மாரிசெல்வி கண்டாள். "ராசா, லைன்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குனோம். நீங்க உக்காரச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கோம்."

"நான் எதுக்கும்மா சொல்லணும்?" என்றார் துரை. மெய்யாகவே அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க சொன்னாத்தான் உக்காரணும்னு எங்கம்மா வளத்துருக்கா." பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா ஊர்ல இருக்கா," என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தாள்.

அருகில் நின்றவள் அமர்ந்தாள். பேச்சி அமர்ந்து பாதங்களைப் பிடித்துவிட்டாள். ஒவ்வொருவராய் நாற்பதின்மரும் அமர, மண்டபத் தூண்களெல்லாம் துரையின் கண்முன் கலைந்துபோயின. நாணம் அவரைப் பிடுங்கித் தின்றது. பதறி எழுந்து, "உட்காருங்கம்மா, எல்லாரும் உட்காருங்க," என்றார்.

அப்போது அங்கே நின்றவர் அவர் ஒருவரே.

பேச்சி சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டாள். "நீங்களும் உக்காருங்க ராசா. நாங்களும் கொஞ்சம் பேசணும்."

துரை அந்த வெற்றிடத்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அமரவேண்டும் என்றே அவர் உள்ளம் விரும்பியது. அதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் முழங்கால் மடியவில்லை. வேறோர் ஊருக்கும் போகவேண்டும் என்று முணுமுணுத்து வெளியேறினார்.

அந்த நாற்பது பெண்களும் ஊர் சென்று வாக்களித்தார்கள். முப்பத்தொரு வாக்கு வேறுபாட்டில் துரை தோற்றார். பாலத்தைக் கட்டியவரும் அவரே, குடிகளை நேசித்தவரும் அவரே, அன்பரே. பாயளவு தாழ்ந்து உட்கார மட்டும் அவர் குலத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.