சக்கையோடு கொடுங்கள்

என் மாமனார் லிப்ட் மெக்கானிக். நின்றுபோன லிப்டைச் சரிசெய்வது அந்த வேலையில் பாதிதான் என்பார். மீதிப் பாதி, உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது.

"மோட்டாரை யார் வேணும்னாலும் பார்க்கலாம் மாப்பிள்ளை. உள்ள இருக்கிறவருக்கு மூச்சு முட்டாம பார்த்துக்கணும். அதுக்கு வாய்தான் ஸ்பேனர்."

அந்த ஸ்பேனரை அவர் வீட்டுக்கு வந்த பிறகும் கீழே வைத்ததில்லை. கம்பெனியில் அவரை நேரில் 'ரேடியோ அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஆஃப் பண்ண முடியாத ரேடியோ'.

மாமியாருக்கு நேர்மாறான தொழில். ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறார். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பக்கம் பக்கமாகப் படித்துப் பிழை திருத்தித் தருகிற வேலை. ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் சிவப்புப் பேனா. பகலெல்லாம் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சாயங்காலம் மாமா வந்து பேச ஆரம்பித்தால்தான் அந்த வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அத்தை சத்தமில்லாமல் சிரிப்பார். தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோள் குலுங்குவதற்காகவே மாமா ஊரிலுள்ள லிப்டையெல்லாம் சுமந்துகொண்டு வருவார் என்று என் மனைவி சொல்வாள்.

ஐம்பதைத் தாண்டியதும் அத்தைக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. சில வருஷங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காமல் போய்விட்டது. காதில் மாட்டுகிற கருவி வாங்கித் தந்தோம். "பேச்சு கேக்கலை. எங்கேயோ யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் கேக்குது" என்று அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

நானும் என் மனைவியும் அதே கட்டடத்தில் மேல்தளத்தில் இருக்கிறோம். வீட்டோடு மாப்பிள்ளை இல்லை, மாடியோடு மாப்பிள்ளை. அதனால் நடந்ததெல்லாம் கண்முன்னால் நடந்தது. முதலில் மாமா கத்திப் பேசினார். பிறகு அவசியமானதை மட்டும் கத்தினார். கேஸ் தீர்ந்துபோச்சு, வாசல்ல ஆள் நிக்குது, மாத்திரை போட்டியா. கதை சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்திச் சொன்னா அது கதையா மாப்பிள்ளை? ஏலம் போடற மாதிரி இருக்கு. நான் சொல்றதுல பாதி மூச்சுலதான் இருக்கு. மூச்சைப் போய்க் கத்த முடியுமா?"

அந்தப் பதில் எனக்குள் கிடந்து உறுத்தியது. பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்று வந்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அதை ஒரு கையடக்கத் தொடுதிரைக் கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"அத்தைக்கு டேப்லெட் கொண்டுவந்திருக்கேன் மாமா."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேசைமேல் சாய்த்து வைத்ததும் மாமா அதனிடம் குனிந்து, மைக் டெஸ்டிங் என்றார். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மைக் டெஸ்டிங்னு போட்டிருக்கு" என்றார். மாமா அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில், மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னைக்கு மூணாவது மாடியில ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டார்."

திரையில் 'இன்னைக்கு மூணாவது மாட்டில ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டார்' என்று வந்தது. அத்தையின் கை தானாகவே சிவப்புப் பேனாவை எடுத்தது. திரையில் திருத்த முடியாது என்று உறைத்ததும் பேனாவை வைத்துவிட்டு, முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"முதல் ரெண்டு மாட்டுக்கு என்ன ஆச்சு?"

"அது ரெண்டும் படியில ஏறிப் போயிடுச்சு" என்றார் மாமா.

தோள் குலுங்கியது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியாது. மாமா முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும் போலிருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் திரும்பி வந்தன. பழையபடி அல்ல, வேறு மாதிரி. மாமா ஒன்று சொல்வார். இயந்திரம் அதை வேறொன்றாகக் கேட்கும். அத்தை அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு கதையை வேறு பக்கம் இழுப்பார். லிப்டின் கயிறு தேய்ந்துவிட்டது என்றால் வயிறு தேய்ந்துவிட்டது என்று விழும். "வயித்துக்கு கிரீஸ் போட்டீங்களா, விளக்கெண்ணெய் கொடுத்தீங்களா?" என்பார் அத்தை. மாமாவும் சளைக்காமல் அந்த வயிற்றுக்காரருக்கு ஒரு பெயர் வைத்து, குடும்பம் வைத்து, அன்றிரவு சாப்பாடு முடிவதற்குள் அவரை ஏழாவது மாடிக்கு ஏற்றிவிடுவார். முன்பெல்லாம் மாமா நடந்ததைச் சொல்வார். இப்போது நடக்காததையும் சொன்னார். தப்பு வரட்டும் என்று வேண்டுமென்றே சில சொற்களை மென்று விழுங்குவதைக்கூட நான் கவனித்தேன்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

செயலிக்குப் புதிய பதிப்பு வந்தது. பிழைகள் குறைந்தன. கூடவே, பேச்சு முடிந்ததும் முழுதையும் அடியில் தள்ளிவிட்டு அதன் சாரத்தை இரண்டு மூன்று வரியில் பெரிய எழுத்தில் தரும் வசதியும் வந்தது. பகலெல்லாம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தைக்குக் கண் வலிக்குமே என்று அதைப் போட்டுவிட்டேன். அத்தையும், "கண்ணுக்கு இதமா இருக்கு மாப்பிள்ளை" என்றார். மாமா அரைமணி நேரம் பேசி முடித்தால், அத்தை பேனாவை வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். 'சாரம்: இரண்டு லிப்டுகள் பழுது பார்க்கப்பட்டன. பேசுபவருக்கு முழங்கால் வலி தொடர்கிறது.' உடனே, "தைலம் தேய்ச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மெய்ப்புக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு சாயங்காலம் நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். மாமா உற்சாகமாக வந்தார். பை தோளிலிருந்து இறங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"புதுசா சோபா வாங்கின ஒருத்தர், அதை லிப்டுல நிறுத்தி வச்சு ஏத்திக்கிட்டு வந்திருக்கார். நடுவுல நின்னுபோச்சு. உள்ள அவரும் சோபாவும்தான். நான் கதவு வழியா, 'கொஞ்சம் நேரமாகும் சார், நிக்காதீங்க, உட்காருங்க'ன்னேன். 'எங்கங்க உட்கார்றது'ன்னார். 'சோபா எதுக்கு சார் வாங்கினீங்க, சாய்ச்சுப் போட்டு உட்காருங்க'ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லமா சொல்றார், 'இல்லைங்க, வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் கவர் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.' ஒரு மணி நேரம், புது சோபாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தார் மனுஷன். கதவைத் திறந்தா, வெளியில அவர் சம்சாரம். கண்ணெல்லாம் கலங்கி நிக்கிறாங்க. ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டாங்க தெரியுமா?"

நானும் என் மனைவியும் காத்திருந்தோம்.

"'கவர் பிரிக்கலையே?'"

என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். மாமா எங்களைப் பார்க்கவில்லை. அத்தையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு பத்தியை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். 'சாரம்: ஒருவர் அறைக்கலனுடன் லிப்டில் சிக்கினார். பின்னர் மீட்கப்பட்டார்.'

"பாவம்" என்றார் அத்தை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதற்குப் பிறகு மாமா மாறிப்போனார். முதலில், தான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்தார் போல. திரைக்கு முன்னால் நேராக உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "நான் இன்று காலை பணிக்குச் சென்றேன். மழை பெய்தது" என்று பேசினார். அப்புறம் அதுவும் குறைந்தது. "அது சுருக்கறதுக்கு முன்னாடி நானே சுருக்கிடறேன். அதுக்கும் வேலை மிச்சம்" என்றார் என்னிடம். எதிரெதிர் நாற்காலியில் இருந்துகொண்டே போனில் 'டீ?' என்று அனுப்புவார். அத்தையிடமிருந்து கட்டை விரல் படம் வரும்.

என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ண முடியாத ரேடியோன்னு கம்பெனியே சொல்லுச்சு. நீங்க ஒரு பட்டனைத் தட்டி ஆஃப் பண்ணிட்டீங்க."

"உங்க அம்மா கண்ணு வலிக்குமேன்னு..."

"கண்ணு வலிச்சா விளக்கை அணைச்சுட்டுப் படுப்பாங்க. வாயை அடைச்சா எங்க போறது?"

இதற்குள் அத்தைக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவிடம், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாராம். ஒண்ணுமில்லையே என்று தலையாட்டினாராம். உடம்பு சரியில்லையா? நல்லாத்தான் இருக்கேன். என்மேல கோபமா? சேச்சே. பிறகு திரையைப் பார்த்திருக்கிறார். 'சாரம்: மனைவி நலம் விசாரித்தார். கணவர் நலமாக இருக்கிறார்.' நிமிர்ந்து மாமா முகத்தைப் பார்த்திருக்கிறார். டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மாடி ஏறி எங்களிடம் வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இது பொய் சொல்லுது."

பொய்யில்லை அத்தை, சொன்னதைத்தான் சுருக்கித் தருகிறது என்றேன். நான் சொன்னது திரையில் வந்தது. படித்துவிட்டு, "யார் சுருக்கச் சொன்னா?" என்றார். நான் அந்த வசதியை நிறுத்தினேன்.

"அப்போ இத்தனை நாளா அவர் பேசினதெல்லாம்?"

"அடியில முழுசா இருக்கு அத்தை. இப்படித் தள்ளினீங்கன்னா வரும்."

எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மெய்ப்புப் படிக்கிற மாதிரியே, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. என் மனைவி வைத்த டீ ஆறிப்போனது. ஓரிடத்தில் விரல் நின்றது. கொஞ்சம் மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குலுங்கல் நின்றதும், "இதைச் சொன்னப்போ நான் பாவம்னு சொன்னேனா?" என்று கேட்டார். என் மனைவி தலையாட்டினாள்.

அத்தை டேப்லெட்டோடு எழுந்து படி இறங்கினார். நாங்களும் பின்னாலேயே போனோம். போகாமல் இருக்க முடியவில்லை.

மாமா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். அத்தை குளியலறை வாசலில் போய் நின்று, "கவர் பிரிக்கலையே?" என்றார்.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. ரேசர் கன்னத்தருகே நின்றது. கண்ணாடியிலேயே அத்தையைப் பார்த்தார். அத்தையின் தோளைப் பார்த்தார்.

"இல்லை" என்றார் மெதுவாக. "இன்னும்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க."

நான் அவசரமாக டேப்லெட்டை வாங்கி அவர் மோவாய்க்குக் கீழே தூக்கிப் பிடித்தேன். அத்தை படித்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்.

"எனக்குச் சாரம் வேண்டாங்க. சக்கையோட கொடுங்க. நானே மென்னுக்கறேன்."

"எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்துப் பேசவே வரலைம்மா" என்றார் மாமா. நுரை ஒருபக்கம் வழிந்துகொண்டிருந்தது. "நீயும் அதையே பார்க்கிறே, நானும் அதையே பார்க்கிறேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல யாரோ பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கு. உன் முகத்தைப் பார்த்தாத்தானே எனக்கு அடுத்த வார்த்தை வரும்?"

அத்தை திரையில் அதைப் படித்தார். அப்படியே கண்ணை மேலே உயர்த்தி மாமாவைப் பார்த்தார்.

"இப்ப எனக்கு ரெண்டும் தெரியுதே. உங்க மூஞ்சி மேல, பேச்சு கீழ."

"அதுக்காக மாப்பிள்ளை ஆயுசு முழுக்க இப்படித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரா?"

எனக்கும் அதற்குள் கை கடுக்கத்தான் செய்தது. மாமா மீதிக் கன்னத்தை மழித்துவிட்டு, தன் கருவிப் பெட்டியைத் திறந்தார். கம்பெனி அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையை எடுத்தார். ஒரு கிளிப், இரண்டு ரப்பர் வளையம். நான் செயலியை ஏற்றித் தந்த தன் போனைப் படுக்கை வாட்டில் அதில் பொருத்தி, எழுத்து வெளியே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டார். சினிமாவில் படத்துக்கு அடியில் வசனம் ஓடுமே, அதே மாதிரி மாமாவுக்கு அடியில் அவர் பேச்சு ஓடியது. சமையலறைக்குப் போனாலும் ஓடியது. மேசைக்கு எதிரே உட்கார்ந்தாலும் ஓடியது. அத்தை வேலை செய்யும்போது தலையை மட்டும் உயர்த்தி, முகம் ஒரு தரம், எழுத்து ஒரு தரம் என்று பார்த்துக்கொள்வார். எரிச்சல் வந்தால் கையை நீட்டிப் போனைத் திருப்பிவைத்துவிடுவார். அதுதான் 'வாயை மூடுங்க'. மாமா உடனே மூடிவிடுவார். கொஞ்ச நேரம்.

போன வாரம் மாமாவின் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அத்தையும் வந்திருந்தார். காத்திருக்கும் கூடத்தில் சுவரோரமாக எதிரெதிரே நாற்காலிகள். எல்லாரும் அவரவர் போனில் குனிந்திருந்தார்கள். மாமா கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, தன் மூச்சுக்குரலில் ஆரம்பித்தார். எனக்கே பாதிதான் கேட்டது.

"எதிர்ல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க, பார்க்காதே. நானும் அப்பலேர்ந்து பார்க்கிறேன், பையை மூடறாங்க, திறக்கறாங்க, மூடறாங்க. ஏதோ தொலைச்சுட்டாங்க."

"சாவி" என்றது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "வீட்டுச் சாவி."

மாமா வெலவெலத்துப் போனார். தன் நெஞ்சில் ஓடுவதை ஊரே படிக்கலாம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மாவின் குரலும் சேர்ந்து திரையில் விழ, அத்தை அதைப் படித்தார். எழுந்து போய், அந்த அம்மாவின் இடது கையைத் தொட்டுக் காட்டினார். சுண்டு விரலில் மோதிரம்போலச் சாவி வளையம் மாட்டியிருந்தது.

அந்த அம்மா வெட்கத்தோடு சிரித்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது பரவாயில்லைம்மா. ஒருத்தர் பூட்டையே தொலைச்சார்" என்றார்.

"பூட்டையா? எப்படி?"

"அது பெரிய கதை. உங்களுக்கு நேரம் இருக்கா?"

அந்த அம்மா கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, எழுத்து நன்றாகத் தெரியும்படி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.