நான்காவது மூலை

அக்கா இறந்துபோன பதினோராம் நாள் சவாரிப் பள்ளி முதலாளியம்மா எனக்கு ஃபோன் செய்தார்.

"கேக்கவே சங்கடமா இருக்குப்பா. ஆனா திங்கக்கிழமை பசங்க வர்றாங்க. களத்தை ஒரு தடவை மட்டம் பண்ணிக் குடுத்துடு. உன்னால முடியலன்னா சொல்லு, வேற டிராக்டர் பார்த்துக்கறேன்."

வேறு டிராக்டர் என்றதும் அவசரமாகக் குறுக்கிட்டேன். "வேணாம்மா, நானே வர்றேன்" என்றேன். அக்கா மீது உள்ள பாசம் என்று அவர் நினைத்திருப்பார். அது பயம். வேறு யாராவது ஒருவன் வந்து பிளேடை இறக்கி இழுத்தால், அக்கா விழுந்த அந்த மூலையில் எவ்வளவு மணல் இருந்தது என்று எனக்கு எப்போதும் தெரியாமல் போய்விடும்.

குதிரை ஓட்டும் அந்தக் களத்தில் மணலைப் பரப்பியது நான்தான். அக்கா அங்கே பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தாள். அவள் கணவர், என் மாமா, லாயத்தைப் பார்த்துக்கொண்டார். பழைய மணல் நைந்து புழுதியாகிவிட்டது என்று அதை வாரிப் போட்டுவிட்டுப் புதிதாக இருபத்திரண்டு லோடு இறக்கினார்கள்.

மணலை மட்டம் செய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அடியில் ஜல்லி போட்டு உருளையால் அழுத்திய கெட்டித் தரை. அதன் மேல் நான்கு அங்குலம் மணல். மூன்றானால் குளம்பு வழுக்கும். ஆறு ஏழானால் கால் புதையும். ஓடி வருகிற குதிரையால் அடுத்த எட்டை நேரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மணல்தான். கம்பியைக் குத்தினால்தான் தெரியும். எங்களிடம் முழங்கை நீளத்தில் ஒரு கம்பி இருந்தது. நான்கு அங்குலத்தில் அக்கா தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

மூலைகளில் பிளேடு எட்டாது. வேலியில் இடித்துவிடும். இறங்கி மண்வெட்டியால் இழுத்துவிட்டு, கம்பியால் நான்கைந்து இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு மூலைக்குக் கால் மணி நேரம். கடைசி லோடுகளை வாசல் பக்கத்து மூலையில்தான் கொட்டியிருந்தார்கள். அதை நான்காவதாக வைத்துக்கொண்டேன். குவியலில் பெரும் பகுதியைப் பிளேடால் இழுத்துவிட்டேன். மிச்சத்தின் மேல், டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சங்கிலி வலையை ஓடவிட்டதும் அழகாகத்தான் தெரிந்தது. அப்போது அக்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"டேய் ஆமை, இன்னுமா உருட்டிட்டு இருக்க? குதிரைங்களே உன்னைப் பார்த்துக் கொட்டாவி விடுதுங்க."

"வேகமா ஓட்டினா பிளேடு குதிக்கும்க்கா. களம் அலை அலையா ஆயிடும். அப்புறம் நீ குதிரை விட முடியாது, படகுதான் விடணும்."

"வாய் மட்டும் நாலாவது கியர்ல போகுது." சிரித்தாள். "மூலையெல்லாம் அளந்தியா?"

"அளந்தேன்."

"இதையும்?"

ஏழு மணிக்கு மேட்ச் இருந்தது. ஊரிலிருந்து நண்பன் ஒருவன் வந்திருந்தான். "இதையும்தான். சந்தேகம்னா நீயே குத்திப் பாரு" என்று கம்பியை நீட்டினேன்.

"நீ சொன்னா சரிடா" என்று அவள் போய்விட்டாள்.

அன்று மழை வந்து மேட்ச் பாதியில் நின்றுபோனது.

மூன்றாம் நாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், அக்கா பழுப்பு நிறப் பெண் குதிரையை ஓட்டிப் பார்த்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. மூன்றாவது சுற்றில், அந்த நான்காவது மூலையில், அதன் முன்னங்கால் மடிந்தது. அக்கா அதன் தலைக்கு மேலே போய் வேலிக் கட்டையில் விழுந்தாள். கழுத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு சடங்குக்குத்தான்.

மாமா தண்ணீர் வாளியோடு லாயத்து வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். "ஒண்ணுமே இல்ல மாப்ள. குதிரை மிரள ஒரு தாள்கூடப் பறக்கல. நல்லா வந்துட்டு இருந்த குதிரை, சட்டுனு முழங்கால் போட்டுடுச்சு. அதுக்குக் கால்ல ஏதோ கோளாறு. இனி ஒரு புள்ளைய அது மேல ஏத்தக்கூடாது. செங்கல் சூளைக்காரன் கேட்டிருக்கான். தள்ளிவிட்டுடறேன்."

சூளையில் செங்கல் இழுக்கப் போகிற குதிரை ஒரு வருஷம் தாங்காது. அது அவருக்கும் தெரியும். நான் தலையை ஆட்டினேன். பத்து நாளும் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். டிராக்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கம்பியோடு மூலைக்கு நடந்தேன். முதலில் குத்தியது ஐந்து அங்குலம். ஒரு சாண் தள்ளிக் குத்தினேன், மூன்று. வேலியோரம் ஏழு. அதற்கும் பக்கத்தில் சரியாகச் சிவப்புக் கோடு வரை, நான்கு. மண்டியிட்டுக் குத்திக்கொண்டே போனேன். முப்பது தடவை இருக்கும். அன்று எட்டுப் பேர் ஓடிவந்து மிதித்த இடம் அது. அவளைத் தூக்கியவர்களின் கால்கள் புதைந்த பள்ளங்கள், குதிரை புரண்டு எழுந்த தடம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் விழுந்த நொடியில் அங்கே எவ்வளவு இருந்தது என்று சொல்ல மணலிடம் எதுவும் மிச்சமில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

வாசலில் சூளைக்காரன் வண்டி வந்து நின்றது. மாமா சிடுமூஞ்சியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன மாப்ள, மண்ணுல என்ன தேடற?"

"அளக்கறேன் மாமா."

"அதான் அன்னைக்கே அளந்துட்டியே."

இதற்கும் தலையை ஆட்டியிருக்கலாம். குதிரை அவர் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது. அதில் வெல்லம் வைத்திருப்பார்.

"அளக்கல" என்றேன்.

"என்ன சொல்ற?"

"இந்த மூலைய மட்டும் அளக்கல மாமா. அவ கேட்டா. அளந்தேன்னு சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் அடிக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "எவ்வளவு இருக்கு?" என்றார்.

"தெரியல. ஒரு இடத்துல மூணு, ஒரு இடத்துல ஏழு. எல்லாம் மிதிபட்டுப் போச்சு. இனிமே தெரியாது மாமா."

கையை நீட்டினார். கம்பியைக் கொடுத்தேன். அக்கா விழுந்த கட்டைக்கு முன்னால் குனிந்து ஒரே ஒரு தடவை குத்தினார். கம்பி தரையில் முட்டும் சத்தம் எனக்கும் கேட்டது. கோட்டைப் பார்த்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. கம்பியை உருவி, ஒட்டிய மணலைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, "குதிரை வரல, கிளம்பு" என்றார்.

"என்னண்ணே, விடியக்காலைல அலையவிட்டுட்டு..."

"வரலன்னு சொன்னேன்ல."

குதிரையைத் திருப்பி லாயத்துக்கு அழைத்துப் போனார். கம்பியும் அவர் கையிலேயே போனது.

அன்று களம் முழுவதையும் மட்டம் செய்தேன். நான்கு மூலைகளிலும் இறங்கி மண்வெட்டியால் இழுத்தேன். முடித்துவிட்டு எஞ்சினை நிறுத்தியபோது அவர் கம்பியோடு வந்தார். ஒவ்வொரு மூலையாகப் போய்க் குத்தினார். ஒவ்வொன்றிலும் "நாலு" என்றார். மாப்ள என்று கூப்பிடவில்லை.

அதன் பிறகும் கூப்பிடவில்லை. ஆறு வருஷமாகிறது. மாதம் ஒரு தடவை போகிறேன். விசேஷங்களில் பார்த்தால் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். களத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். அக்காவின் சிவப்புக் கோடு தேய்ந்துபோய்விட்டது. குளம்பு ராவும் அரத்தால் அந்த இடத்தில் ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கிறார். எங்களுக்குள் மிச்சம் இருக்கும் பேச்சு அந்த எண்கள்தான். சிடுமூஞ்சிக்கு வயதாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கிறது. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

போன மாதம் நான்காவது மூலையில் கம்பியைக் குத்திவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தபடியே இருந்தார். நான் எஞ்சினை அணைத்தேன். ஏதோ சொல்லப் போகிறார் என்று தோன்றியது.

"நாலே கால்" என்றார்.

இறங்கி மண்வெட்டியை எடுத்தேன்.