ஆற வைத்த தண்ணீர்

அயனம்பாக்கத்திலிருந்து வந்த மாட்டுவண்டியை விட்டுத் தாயம்மாவை இறக்கும்போது, அவளுடைய விரல் நுனிகள் வெகுநேரம் நீரில் ஊறியவைபோலச் சுருங்கியிருந்தன. கண் குழிந்து, குரல் உள்ளே போய்விட்டிருந்தது. குமணன்சாவடியில் காலரா நோயாளிகளுக்கென்று போட்டிருந்த கீற்றுக் கொட்டகைக்குள் அவளைத் தூக்கிவந்த புருஷன் துலுக்கானம், வாசலிலேயே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாத்திரை குடு சாமி, இன்னா வேணா குடு. ஊசித் தண்ணி மட்டும் வாணாம். போன வாரம் எங்க தெரு ஆளுக்கு ஏத்துனீங்களே, ஜொரம் வந்து பாயோட தூக்கிப் போட்டுச்சு. அதப் பாத்துட்டு ஊர்ல ஒருத்தனும் வரமாட்டேன்றான்."

டாக்டர் ராஜசேகரன் உப்புநீர்ப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஆவியாக்கி வடித்த தண்ணீர். உப்புப் போட்டு மறுபடி கொதிக்க வைத்த தண்ணீர். அதில் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது? யுத்த காலம், வேறு மருந்துக்கும் வழியில்லை.

கம்பவுண்டர் எத்திராஜ் தயாராயிருந்த பாட்டிலை மாட்டினார். அடுப்பருகே நின்ற கன்னியம்மா விறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டிலையே பார்த்தாள்.

வடிகலனுக்கு அடியில் விறகு தள்ளுவதும் வடிந்த நீரைப் பிடித்து வைப்பதும் அவள் வேலை. நெருப்பில் பிறந்த தண்ணீர் சூட்டுக்குணம் கொண்டது. அதை அப்படியே நோயாளியின் ரத்தத்தில் விட்டால் உடம்பு தாங்குமா என்று அவளுக்கு ஒரே கவலை. யாரும் சொல்லாமல், மாரியம்மனை வேண்டிக்கொண்டு, அதைப் புது மண்பானையில் ஊற்றி ஒரு நாள் முழுக்க நிழலில் ஆற வைத்துத்தான் எடுத்துக் கொடுப்பாள். யாருக்காவது காய்ச்சல் கண்டால், சூடு இன்னும் போகவில்லை என்று நினைத்து இரண்டு நாள் ஆற வைப்பாள்.

முந்தாநாள் பானை விரிசல்விட்டு ஒழுகிப்போனது. வேறு வழியில்லாமல் வடிந்த கையோடு கொடுத்தாள். அதை ஏற்றிக்கொண்ட நாகம்மாள் நடுங்கவே இல்லை. கஞ்சி கேட்டுக் குடித்தாள். அம்மன் கருணை என்று கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நேற்று பழையபடி, திண்ணமான வேறொரு பானையில் ஆறிய நீர் போனது. ஏற்றிக்கொண்டவருக்குக் காய்ச்சல் நடுக்கத்தில் பல் கிட்டித்தது. ஆற வைப்பதுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறதோ என்று அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இப்போது மாட்டியிருக்கும் பாட்டிலும் அதே பானைத் தண்ணீர்.

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? பாயில் கிடந்தவளின் உலர்ந்த உதடு ஏதோ முணுமுணுத்தது. கன்னியம்மா ஓடிவந்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரய்யா, இத்த ஏத்தாதீங்க. தப்பு என்னுது. நான்தான் பானையில ஊத்தி ஆற வெச்சேன்."

"பானையிலயா!" எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா கன்னிம்மா, இது இன்னா தண்ணிப் பந்தலா? மோரும் கலந்தியா?"

"உடம்புக்குக் குளிர்ச்சின்னு நெனச்சேன் அண்ணாத்தே." அவள் அழுதாள். முந்தாநாள் நடந்ததையும் நேற்று நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டாக்டர் அடுப்படிக்குப் போய்ப் பானைக்குள் குனிந்து பார்த்தார். "நிற்கிற தண்ணியில கிருமி வளருது. நாம கொதிக்க வெச்சா கிருமி சாகுது. ஆனா அது விட்டுட்டுப் போற விஷம் கொதிச்சாலும் போகாது. அதுதான் ஜுரம்" என்றார், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு தலைநிமிர்ந்தார். "இன்னைக்கு வடிஞ்சது எவ்வளவு இருக்கு?"

"ஒரு பாட்டிலுக்குப் போதும் ஐயா."

"எடு. இப்பவே."

தண்ணீர் தயாராகும்வரை கன்னியம்மா தாயம்மாவின் தலையை மடியில் வைத்து, துணி நுனியால் உப்புக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கன்னியம்மாவின் வாய் அம்மன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. துலுக்கானம் அவளையே பார்த்தான். தன் தப்பைத் தானே நாலு பேர் முன்னால் சொன்ன ஒருத்தியை நம்பலாம் என்று பட்டிருக்க வேண்டும். "ஏத்துங்க சாமி" என்றான்.

ஊசி ஏறியது. அரை மணி. ஒரு மணி. எல்லோரும் தாயம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கம் வரவில்லை. நெற்றி வெதுவெதுப்பாக, மனித நெற்றியாக இருந்தது. மணிக்கட்டில் நாடி மெல்ல எழுந்து டாக்டரின் விரலைத் தட்டியது.

தாயம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னாய்யா பேய் மாரி குந்திகினு கீற? மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

துலுக்கானம் சிரித்தான், சிரிப்பு அழுகையாகிவிட்டது. எத்திராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கன்னிம்மா, அடுப்பு அணையப் போவுது பாரு. வெறகைத் தள்ளு" என்றார். வேலை போகவில்லை என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவள் ஊதுகுழலை எடுத்துக் குனிந்தபோது வெளியே துலுக்கானத்தின் குரல் கேட்டது. பெங்களூர் சாலையின் நடுவே, தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு அவன் ஓடினான். கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டி தயங்கி நின்றது. உள்ளே யாரோ போர்த்திக் கிடந்தார்கள். வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றைச் சுண்டினான். வெயிலில் புழுதி பொன்னாக எழ, இரண்டு மாடுகளும் கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பின.